பேட்டரியை வெட்டிய பிறகு: ஒரு பாலிசிக்ஸும் 32 டோன்களும்

## பின்னணி

இந்தக் குறிப்பு ஒரு கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரைப் பற்றியது. அதைப் பழுதுபார்த்தவன் நான். நடுவில் நடந்த பிழையும் என்னுடையதே. கருவிக்குச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்; அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பாலிசிக்ஸ் 1981-ல் வெளிவந்தது. 61 கட்டை, ஒரே நேரத்தில் ஆறு சுரம். ஒரு சுரத்தை ஒலிக்கும் தனிச் சர்க்யூட்டுக்குக் குரல் என்று பெயர். குரலுக்கு அலையை உண்டாக்கும் ஒரு ஆஸிலேட்டர், அதற்கு ஒன்றோ இரண்டோ ஆக்டேவ் கீழே சேர்ந்து ஒலிக்க ஒரு சப்-ஆஸிலேட்டர், ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் எஸ்எஸ்எம் 2044 ஃபில்டர் சிப், ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் ஒரு என்வலப், அவ்வளவுதான். குரலுக்கு இரண்டு ஆஸிலேட்டர் வைத்திருந்த அந்தக் காலத்துப் பெரிய கருவிகளுக்குப் பக்கத்தில் இது ஒல்லியான ஆள். ஆனால் கடைசியில் இருக்கும் எஃபெக்ட் பகுதியில் ஒலியைத் தடிமனாக்கும் ஆன்சாம்பிளைப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இந்த நிகழ்வுக்கு முக்கியம் அதன் நினைவகம். 1970-ல் வந்த மினிமூக் சிந்தசைசரில் நினைவகமே கிடையாது. ஒரு டோனை, அதாவது குமிழ்களை ஒரு விதமாக வைத்து உண்டாக்கிய ஒலியை, திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் குமிழ்கள் எங்கெங்கே நின்றன என்று தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1978-ல் வந்த புரோஃபெட்-5, மைக்ரோபிராசஸரை வைத்துக் குமிழ்களின் நிலையை எண்களாகச் சேமித்துக் காட்டியது. ஆனால் அது எல்லோர் கைக்கும் எட்டிய கருவி அல்ல. அந்த வசதியைச் சாதாரணக் கலைஞர்களிடம் கொண்டுவந்த கருவிகளில் பாலிசிக்ஸ் ஒன்று. நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு, ஏ-1 முதல் டி-8 வரை மொத்தம் 32 டோன்.

இந்த 32-ம் இருப்பது கேஎல்எம்-367 என்ற சர்க்யூட் போர்டில். மின்சாரம் போனால் மறந்துவிடும் வகை ரேம் அது. ஆகவே கருவி அணைந்திருக்கும்போது அதை விழித்திருக்கச் செய்ய, அதே போர்டில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். கருவி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகும். நின்றபின் ரேமுக்குக் கொடுக்கும். அந்தக் காலத்தில் பல கருவிகளில் இருந்த ஏற்பாடுதான் இது. அவ்வப்போது மாற்றினால் தொல்லை இல்லை. பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தால் பேட்டரி கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். அது போர்டின் செம்புக் கோடுகளை அரிக்கும். டோன்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் போர்டை அழித்துக்கொண்டிருப்பதும் ஒரே பொருள்தான். கீழே வரும் சிக்கல் முழுக்க இதிலிருந்து முளைத்தது.

கருவி இப்போது ஒரு பெண்ணிடம் இருக்கிறது. முப்பதுகளில் இருப்பவர், மேடையில் வாசிக்கும் கீபோர்டு கலைஞர். அதற்கு முன் அவருடைய மாமா கால் நூற்றாண்டுக்கு மேல் அதை வாசித்தார். இவர் சிறுமியாக இருந்தபோது முதலில் விரல் வைத்ததும் அதில்தான். மாமா இறந்து மூன்று ஆண்டுகள். அன்றிலிருந்து பெட்டிக்குள்ளேயே கிடந்த கருவியை ஒன்பது வாரம் கழித்து நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டும் என்று என்னிடம் கொண்டுவந்தார்.

## கேட்டதும் கண்டதும்

அவர் சொன்ன குறைகள் மூன்று. டோன் பொத்தானை அழுத்தினால் சில நேரம் வேறொரு டோன் வருகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் தானாகத் திறந்து ஒலி கூர்மையாகிவிடுகிறது. பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று கேட்கிறது.

முதல் நாள் கருவியைத் திறக்காமல் அரை மணி நேரம் அவரையே வாசிக்கச் சொன்னேன். இதை எப்போதும் செய்வேன். பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்ப்பார். வாசிப்பவர் பாட்டு வாசிப்பார். இரண்டிலும் வெளியே வரும் குறைகள் வேறு வேறு.

முதல் இரண்டு குறைகளும் ஆறு குரலுக்கும் ஒரே நேரத்தில் வந்தன. ஃபில்டர் திறந்தால் அழுத்தியிருந்த எல்லாச் சுரமும் சேர்ந்தே கூர்மையாயின. ஆறு ஃபில்டர் சிப்பும் ஒரே நொடியில் கெட்டுப்போகாது. ஆறுக்கும் பொதுவாகக் கட்டளை போகும் இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். அந்த இடம் கேஎல்எம்-367. குமிழ்களின் நிலையைப் படிப்பது, சேமிப்பது, திரும்ப மின்னழுத்தமாக மாற்றி ஃபில்டருக்கும் என்வலப்புக்கும் பங்கு போடுவது எல்லாம் அங்கேதான். மூன்றாவது குறை வேறு வகை. அது ஒரு குரலுக்கு மட்டும் சொந்தம். அந்தக் குரலின் ஃபில்டர் டிரிம், அதாவது அளவைச் சரிசெய்யும் சிறு திருகு, கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்று எழுதி வைத்தேன். அந்த ஒரு வரி பின்னால் என்னைத் திரும்ப வந்து பிடித்தது.

இன்னொன்றும் அன்று கேட்டது, குறிப்பேட்டில் எழுதவில்லை. சரியாக வந்த டோன்கள் மிக நன்றாக இருந்தன. தொழிற்சாலை டோன்கள் அல்ல, யாரோ உட்கார்ந்து செதுக்கியவை. பி-3-ல் ஒரு ஸ்டிரிங்ஸ், வயலின் கூட்டம் போன்ற ஒலி, இருந்தது. மெதுவாக எழுந்து, நடுவில் லேசாக நெளிந்து, கை எடுத்தபின் தயங்கி அடங்கும். நல்ல டோன் என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு சரி. அதைச் செய்தவர் யார், வேறெங்காவது சேமித்து வைத்திருக்கிறாரா என்று கேட்கவில்லை.

## முதல் முடிவு

மறுநாள் பின்பலகையைக் கழற்றினேன். பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பொரிந்திருந்தது. செம்பு அரிக்கப்பட்டால் வரும் நிறம். பேட்டரிக்கு அருகே இருந்த ஐசிகளின் (சிப்களின்) கால்கள் கறுத்திருந்தன. கசிவு பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, கோடுகளின் வழியே பல அங்குலம் போயிருந்தது.

மின்சாரம் துண்டித்த நிலையில் பேட்டரியின் இரு கால்களையும் வெட்டி எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. கசியும் பேட்டரியைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் முதல் விதி. அது இருக்கும் ஒவ்வொரு நாளும் சேதம் கூடும். நானும் யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

மாலையில் படங்களை அனுப்பி நிலைமையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"மாமாவோட டோனெல்லாம் இருக்கில்ல சார்?"

இல்லை. பேட்டரியை வெட்டிய சில நொடிகளில் ரேம் காலியாகியிருக்கும். அதை அப்போதே சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி சார், நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

இங்கே எனக்கு என்ன வழி இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன். பாலிசிக்ஸில் டேப் வசதி உண்டு. 32 டோனையும் ஒலியாக மாற்றி ஒரு கேசட்டில் பதிந்து, பின்னால் திரும்ப ஏற்றலாம். முதல் நாள் கருவி தடுமாறிக்கொண்டாவது ஓடியது. அப்போதே டேப் வெளியீட்டை ஒரு ரெக்கார்டரில் செருகி நான்கைந்து முறை பதிந்திருந்தால் ஒன்றாவது சுத்தமாக வந்திருக்க வாய்ப்பு இருந்தது. அது முடியாவிட்டாலும், பேட்டரியின் இரு முனைகளுக்கும் வெளியிலிருந்து தற்காலிகமாக 3 வோல்ட் கொடுத்து, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைத் தடுப்பாக வைத்து, அதன் பிறகு பழைய பேட்டரியை வெட்டியிருக்கலாம். ரேமுக்கு எதுவும் தெரிந்திருக்காது. இரண்டும் எனக்குத் தெரிந்த வேலைகளே. முன்பு செய்தும் இருக்கிறேன். போர்டைக் காப்பாற்றும் அவசரத்தில் போர்டில் என்ன இருந்தது என்பதை மறந்தேன்.

## கேசட்டும் நோட்டும்

மறுநாள் அவர் சொன்னபடியே பேசினார். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. குரலில் வேலைதான் இருந்தது. மாமாவின் பழைய பெட்டிகளைத் தேடியிருக்கிறார். கருவிப் பெட்டியின் உட்பையில் ஒரு கேசட், மேலே "பாலி 32 காப்பி" என்று பேனாவில் எழுதியிருந்தது. தேதி இல்லை. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. பாட்டின் முதல் வரி, ஸ்ருதி, டோன் எண், பக்கத்தில் பென்சிலில் சின்னக் குறிப்புகள்: "பி-3. சரணத்தில் ஃபில்டர் கொஞ்சம் திற." வேறொரு பெட்டியில் ஒத்திகைப் பதிவுகள் உள்ள ஏழு கேசட்டுகளும் இருந்தன.

அந்த நோட்டு எனக்குப் புதிதாக ஒன்றைக் காட்டியது. 32 டோன் என்பது கருவிக்குள் இருப்பதில் பாதிதான். மீதி அவர் கையில் இருந்தது. எந்த இடத்தில் எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை எந்த ரேமும் வைத்துக்கொள்வதில்லை.

## பழைய போர்டா, மாற்றுப் போர்டா

கேஎல்எம்-367-க்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய புதிய போர்டுகள் உண்டு. மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி கிடைக்கும், அதிக டோன் சேமிக்கலாம், பேட்டரிக் கவலை போகும். 1981-ல் வந்த கருவியில் மிடி கிடையாது. மிடியே 1983-ல்தான் வந்தது. மேடையில் மற்றக் கருவிகளோடு இணைத்து வாசிப்பவருக்கு அது பெரிய ஆசைதான். நேரம் குறைவாக இருந்ததால் முதலில் நானும் அந்தப் பக்கமே சாய்ந்தேன்.

பழைய போர்டையே மீட்பது என்று முடிவு செய்ததற்குக் காரணம் கேசட். அதில் இருந்த ஒலியை எழுதியது இந்தப் போர்டின் புரோகிராம். அதைப் படிக்க அதே புரோகிராம் ஓடுவதுதான் நம்பிக்கையான வழி. இரண்டாவதாக, பிராசஸரும் புரோகிராம் இருக்கும் ரோம் பகுதியும் கசிவிலிருந்து தள்ளி இருந்தன. கோடுகள்தான் போயிருந்தன. கோடு போனால் கம்பி இழுக்கலாம்.

மிடி இல்லாத குறைக்கு ஒரு சின்ன மாற்று கிடைத்தது. பிடித்த கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக ஒலிக்கும் பாலிசிக்ஸின் ஆர்பெஜியேட்டருக்கு வெளியிலிருந்து துடிப்பு கொடுக்கப் பின்புறம் ஒரு டிரிகர் உள்ளீடு இருக்கிறது. டிரம் மெஷினிலிருந்து அதற்கு ஒரு கேபிள் போதும். அவருக்குத் தாளத்தோடு ஒட்டி ஓட வேண்டியது அந்த ஒரு பகுதி மட்டும்தான் என்று கேட்டபின் தெரிந்தது. இந்த முறை கேட்டேன்.

## போர்டு வேலை

போர்டை வெளியே எடுத்தபின் செய்தது இது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளை வினிகரில் நனைத்த பிரஷால் கசிவு படிந்த இடம் முழுக்கத் தேய்த்தேன். காரத்தை மெல்லிய அமிலம் சமன் செய்யும். நுரை நிற்கும்வரை மூன்று முறை. பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டேன். வினிகரைக் கழுவாமல் விட்டால் அதுவே இரண்டாவது கசிவாகிவிடும்.

அரிபட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது. கறுத்த செம்பை ஃபைபர் பேனாவால் சுரண்டிப் பளபளப்பு வந்தபின்தான் பற்றவைக்க முடியும். சுரண்டும்போது சில கோடுகள் கையோடு வந்துவிட்டன. போகட்டும், அவை ஏற்கெனவே வெறும் தோல்தான். மல்டிமீட்டரை வைத்துச் சர்க்யூட் படத்தோடு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்ததில் அறுந்தவை 11 கோடுகள், போர்டின் இருபுறத்தையும் இணைக்கும் துளைகளில் நான்கு. எல்லாவற்றுக்கும் மெல்லிய கம்பி இழுத்தேன். கால் கறுத்த மூன்று ஐசிகளை எடுத்துவிட்டுச் சாக்கெட் வைத்துப் புதியவை போட்டேன். அவற்றில் இரண்டு 4051. எட்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மின்னழுத்தத்தை அனுப்பும் சுவிட்ச் சிப் அது. அதன் தேர்வுக் கால்களில் ஒன்றுக்குப் போகும் கோடு பாதி அறுந்திருந்தது. ஃபில்டருக்குப் போக வேண்டிய மின்னழுத்தம் அவ்வப்போது பக்கத்து வழிக்குப் போனதால்தான் ஒலி தானாகக் கூர்மையாகியிருக்கிறது. முதல் இரண்டு குறைக்கும் மூலம் இந்தப் பகுதிதான்.

பேட்டரிக்குப் பதில் சிஆர்2032 லித்தியம் நாணயப் பேட்டரி வைத்தேன். போர்டில் வைக்கவில்லை, கம்பி இழுத்துப் பெட்டியின் ஓரத்தில், தனி ஹோல்டரில். இனிக் கசிந்தாலும் மரத்தில்தான் கசியும். லித்தியம் பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யக்கூடாது. ஆகவே பழைய சார்ஜிங் பாதையைத் துண்டித்து, ஒரு ஷாட்கி டயோடும் போட்டேன். சாதாரண டயோடு என்றால் 0.6 வோல்ட் வரை அதுவே எடுத்துக்கொள்ளலாம். 3 வோல்ட்டில் அவ்வளவு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பவர் சப்ளையின் மின்னழுத்தங்களைப் பார்த்து, சந்தேகத்துக்கு இடமான கெபாசிட்டர்களை மாற்றினேன். அப்புறம் ஆறு குரலையும் ஒவ்வொன்றாக ஆஸிலோஸ்கோப்பில் வைத்து ஆஸிலேட்டர், ஃபில்டர் டிரிம்களைச் சமன் செய்தேன். நான்காம் குரலின் ஃபில்டர்தான் மற்றவற்றைவிட அதிகம் திறந்திருந்தது. மூன்றாவது குறையும் தீர்ந்தது என்று குறித்தேன். தொடுவதற்கு முன் டிரிம்கள் எந்த நிலையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளவில்லை. அது இரண்டாவது பிழை.

இதுவரை நான்கு வாரம்.

## கேசட்டைப் படித்தது

கேசட்டில் அழுத்தப் பட்டை விழுந்திருந்தது. டேப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சு, பசை காய்ந்தால் உதிர்ந்துவிடும். திருகாணி போட்ட வேறொரு கூட்டுக்கு டேப் சுருளை மாற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை.

நேராகக் கருவியில் ஏற்றிப் பார்த்தது தோற்றது. மூன்று முறை, மூன்றும் பிழை. கேசட்டை மேலும் ஓட்டித் தேய்ப்பதைவிட ஒருமுறை நன்றாகக் கணினியில் பதிந்துகொண்டு அதிலிருந்து முயல்வது நல்லது என்று நிறுத்தினேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

பதியும்போது கவனித்தவை: கேசட் டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி அணைந்திருந்தது. ஹெட்டின் கோணத்தை, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம்வரை, திருகியால் நகர்த்தினேன். இதை அந்தக் கேசட்டுக்கு ஏற்பச் செய்ய வேண்டும், டெக்குக்கு எது சரி என்று பார்க்கக்கூடாது. மாமாவின் டெக் எந்தக் கோணத்தில் பதிந்ததோ அதுதான் இங்கே சரி. இடது வலது இரண்டையும் தனித்தனியாக, சுருக்காத கோப்பாகப் பதிந்தேன். எம்பி3 காதை ஏமாற்றச் செய்தது. கருவியின் பிராசஸரை ஏமாற்றாது.

இடது பக்கத்தில் இரண்டு இடத்தில் ஒலி மங்கி எழுந்தது. வலது பக்கம் சீராக இருந்தது. வலதை மட்டும் எடுத்து, அளவை உயர்த்தி ஏற்றினேன். மறுபடி பிழை. அலையைத் தலைகீழாகத் திருப்பி ஏற்றினேன், அதாவது மேலே போவது கீழே, கீழே போவது மேலே. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அலை எங்கே கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணும் சர்க்யூட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல. அந்த முறை பிழை வரவில்லை.

ஏ-1-ஐ அழுத்திக் கட்டையைத் தொட்டேன். முதல் நாள் அவர் வாசித்த அதே பிராஸ், ஊதுகருவி போன்ற ஒலி. அவரை அழைத்து ஃபோனை ஸ்பீக்கர் பக்கம் வைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

## பி-3

அவர் நேரில் வந்து நோட்டை வைத்துக்கொண்டு 32-ஐயும் வாசித்துப் பார்த்தார். 28 அவர் நினைவோடு ஒத்துப்போயின. நான்கு ஒத்துப்போகவில்லை. பி-3-ல் அந்த ஸ்டிரிங்ஸ் இல்லை, ஒரு சாதாரண ஆர்கன் இருந்தது. கேசட்டைப் பதிந்தபின் மாமா அந்த நான்கு இடங்களில் புது டோன் எழுதியிருக்கிறார். அவற்றைத் திரும்பப் பதியவில்லை. கடைசி நிலை இருந்தது ரேமில் மட்டும்.

அவற்றைக் காதால் மீட்பது என்று தீர்மானித்தோம். ஒத்திகைக் கேசட்டுகளில் நான்கு டோனும் எங்கெங்கோ ஒலித்தன. மூன்று எளிதாக வந்தன. பாலிசிக்ஸ் மாதிரி ஒரே என்வலப் உள்ள கருவியில் தேட வேண்டிய பரப்பு குறைவு. ஒலியின் ஏற்ற இறக்கமும் ஃபில்டரின் ஏற்ற இறக்கமும் ஒரே வளைவில் போகும். ஒன்றைப் பிடித்தால் மற்றதும் கிட்டும்.

பி-3-க்கு இரண்டு மாலை ஆயிற்று. பல்ஸ் அலை, அதன் அகலம் மெதுவாக அசைகிறது, நெளிவு அங்கிருந்துதான். சப்-ஆஸிலேட்டர் ஒரு ஆக்டேவ் கீழே. ஆன்சாம்பிள். மெதுவான அட்டாக் (எழுச்சி), நீண்ட ரிலீஸ் (அடங்கல்). எல்லாம் வைத்தாயிற்று. பதிவோடு மாற்றி மாற்றிக் கேட்டேன். எனக்கு ஒன்றாகவே கேட்டது.

"இது இல்ல சார்" என்றார். "இது ரொம்ப சுத்தமா இருக்கு."

பதிவை மறுபடி ஓட்டி ஒரு கார்டில் நிறுத்தினார். உள்ளே ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக நின்றது. அடுத்த கார்டில் அது வேறு இடத்துக்குப் போயிருந்தது. நான் குறை என்று எழுதித் தீர்த்துவைத்த நான்காம் குரல். பதிவு அவர் சிறுமியாக இருந்த காலத்தது. அப்போதே அது அப்படித்தான் இருந்திருக்கிறது. மாமா அதைச் சுற்றியே அந்த டோனைக் கட்டியிருக்கிறார். வேண்டுமென்றா, பழகிப்போனதா என்று சொல்ல முடியாது. கார்டுக்குள் ஒரு சுரம் இடம் மாறி மாறி மின்னியதால்தான் ஸ்டிரிங்ஸ் உயிரோடு இருப்பதுபோலக் கேட்டது. ஆறு குரலையும் ஒரே மாதிரி ஆக்கியதும் அது தட்டையாகிவிட்டது.

அவர் மறைமுகமாகக் கேட்கவில்லை, நேராகவே கேட்டார்: அந்தக் குரலைப் பழையபடி வைக்க முடியுமா? எனக்குத் தயக்கம். சமன் செய்த கருவியைத் தெரிந்தே கலைப்பது கைக்கு ஒவ்வாத வேலை. மற்ற 31 டோனிலும் அது கேட்கும் என்று சொன்னேன். "அதுலயும் கேட்டுதே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் நாள் அவர் அதைக் குறையாகச் சொன்னாரே என்றும் கேட்டேன். மூன்று ஆண்டு தொடாமல் இருந்துவிட்டு வாசித்தபோது பழுதுபோல் பட்டது என்றார். பதிவைக் கேட்டபின்தான் அது எப்போதும் இருந்தது என்று புரிந்ததாம்.

பழைய நிலையை நான் குறித்துவைக்காததால் அளவு தெரியாது. அவர் கார்டைப் பிடித்துக்கொண்டே இருக்க, நான் சிறு திருகியால் நான்காம் குரலின் ஃபில்டர் டிரிமை நகர்த்தினேன். கால் சுற்றுக்கும் குறைவு. அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

## அதன் பிறகு

எட்டாம் வாரம் கருவி அவரிடம் போனது. புறப்படும் முன் 32 டோனையும் கணினியில் இரண்டு கோப்புகளாகவும் ஒரு புதுக் கேசட்டிலும் பதிந்து, திரும்ப ஏற்றிச் சரிபார்த்துக் கொடுத்தேன். நிகழ்ச்சி நடந்தது. மேடை விளக்குச் சூட்டில் ஸ்ருதி கொஞ்சம் ஏறியது என்றார். இத்தகைய ஆஸிலேட்டர்களுக்கு அது இயல்புதான். முன்கூட்டியே அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் டியூன் செய்யச் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்துப் போர்டைத் திறந்து பார்த்தோம். புதுப் பேட்டரி 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. ஒரு சாக்கெட்டின் அடியில் மட்டும் கடுகளவு பச்சை மறுபடி தெரிந்தது. சாக்கெட்டைப் பற்றவைக்கும் முன் அந்தத் துளைக்குள் இருந்த காரம் முழுதாகப் போகவில்லை போலும். எடுத்துக் கழுவி மாற்றினேன். ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

## மாற்றிச் செய்வது

பேட்டரியை உடனே எடுக்க வேண்டும் என்ற விதியை நான் கைவிடவில்லை. பல ஆண்டு கசிந்த பேட்டரி இன்னொரு மாலை இருப்பதால் போர்டு அழிந்துவிடாது என்பதை மட்டும் அதோடு சேர்த்துக்கொண்டேன். அந்த மாலை டேப்பில் பதிவதற்கு. பதிய முடியாவிட்டால் வெளியிலிருந்து 3 வோல்ட் கொடுத்த பின்தான் வெட்டுவேன்.

கருவி வந்தவுடன் நிரப்பும் தாளில் "என்ன குறை?" என்ற கேள்விக்கு மேலே இப்போது இன்னொன்று இருக்கிறது: "உள்ளே இருக்கும் டோன்கள் யாருடையவை, வேறெங்காவது இருக்கின்றனவா?" பாதிப் பேர் தொழிற்சாலை டோன்தான், போனால் போகட்டும் என்கிறார்கள். அப்போது வேலை எளிது.

டிரிம்களைத் தொடும் முன் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் படம் எடுக்கிறேன், மை வைத்து நிலையைக் குறிக்கிறேன். பழைய பதிவு ஏதாவது இருந்தால் சமன் செய்வதற்கு முன்பே கேட்கிறேன்.

அந்தப் பாலிசிக்ஸின் பின்பலகைக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பேட்டரி எங்கே இருக்கிறது, எப்போது வைத்தது, இழுத்த கம்பிகள் எவை என்ற விவரம். அடியில் அடுத்துத் திறப்பவருக்கு ஒரு வரி: "நான்காம் குரலின் ஃபில்டர் வேண்டுமென்றே இப்படி வைக்கப்பட்டது. சரிசெய்ய வேண்டாம். முதலில் பி-3 வாசித்துப் பார்க்கவும்."